ஸ்பீடு ஜாஸ்தின்னு ஒரு புகார்

வாங்க தம்பி, வாங்க. செருப்பை அந்த ஓரமா விட்டுட்டு உள்ள வாங்க. நெட் ஆபீஸ்ல இருந்துதான வர்றீங்க? புகார் குடுத்தது நான்தான். ஜோதிடர் நாகலிங்கம். வெளிய போர்டுல 'ஜோதிட பூஷணம்'னு போட்டிருக்கே, அதுவும் நான்தான்.

ஆமா, சீட்டுல சரியாத்தான் எழுதியிருக்காங்க. ஸ்பீடு ஜாஸ்தி. அதைக் கொறைச்சுக் குடுக்கணும். சிரிக்காதீங்க. போன்ல பேசுச்சே ஒரு பொண்ணு, அதுவும் இப்பிடித்தான் சிரிச்சுச்சு. "சார், ஸ்பீடு கம்மின்னு எழுதிக்கட்டுமா"ன்னு கேட்டுச்சு. கம்மியா இருந்தா உன்னை நான் ஏம்மா கூப்பிடப் போறேன், கம்மியா இருந்த வரைக்கும் நல்லாத்தான இருந்தேன்னு சொன்னேன். அது வேற யார்கிட்டயோ கேட்டுட்டு வந்து, இந்த மாதிரிப் புகாருக்குக் கம்ப்யூட்டர்ல எடமே இல்லைன்னுச்சு. எடம் இல்லைன்னா உண்டாக்குங்க. யாவாரம் படுத்துப் போயிக் கெடக்கு எனக்கு.

உக்காருங்க, அந்த நாற்காலி ஆடும், இதுல உக்காருங்க. வேலையப் பாத்துக்கிட்டே கேளுங்க. பூரணத்தம்மா வர்றதுக்குள்ள இது முடியணும். இன்னைக்குப் புதன்கெழம, ராகு காலம் ஒன்றரைக்கு முடியும், அது கழிஞ்சதும் வரச் சொல்லியிருக்கேன். ஒரு பொண்ணோட கல்யாணமே நீங்க கொறைக்கப்போற ஸ்பீடுலதான் தொங்குது. விளையாட்டுக்குச் சொல்லல தம்பி. சொல்றேன், அதுக்குத்தான வர்றேன்.

உங்க போனு அடிக்குதே. எடுக்கலையா? சரி சரி, அப்புறம் பேசிக்கங்க.

அருப்புக்கோட்டையில கம்ப்யூட்டர் ஜாதகம் மொதமொத போட்டது நான்தான். இப்ப தெருவுக்கு ஒருத்தன் போர்டு வச்சிருக்கான், அதை விடுங்க. நம்ம ஜாதகம் இந்தப் பொட்டிக்குள்ள இல்ல. சென்னையில ஒருத்தர் வச்சு நடத்துறாரு, வருசச் சந்தா கட்டுறோம். பேரு, பொறந்த தேதி, நேரம், ஊரு எல்லாம் நான் இங்க தட்டிவிடணும். அது அங்க போயி, கணிச்சு, கட்டமாத் திரும்பி வரும். பழைய நெட்டுல அது வர்றதுக்கு நேரமாகும். நடுவுல ஒரு வட்டம் சுத்தும் பாருங்க, சின்னதா, புள்ளி புள்ளியா.

அந்த வட்டம் இருக்கே தம்பி, அதுதான் எனக்குச் சோறு போட்டுச்சு. ஏதோ நவக்கிரகம்தான் சுத்துதுன்னு நெனச்சுக் கன்னத்துல போட்டுக்கிட்ட பொம்பளைங்க உண்டு. காரியாபட்டிக்காரரு ஒருத்தர், வட்டம் நிக்கிற வரைக்கும் கும்பிட்ட கைய எறக்க மாட்டாரு. நான் வேணாம்னு சொல்றதில்ல. பக்தி நல்லதுதான.

வட்டம் சுத்துறப்ப நானும் கம்முன்னு இருக்க முடியாதுல்ல. வந்தவங்க மனசு கலங்கிப் போயி வந்திருப்பாங்க, மரியாதைக்கு ரெண்டு வார்த்தை பேசுவேன். எங்கிட்டு இருந்து வர்றீங்க, பஸ்ஸா பைக்கா, மூத்தது என்ன பண்ணுது, அவனுக்குப் பாத்துட்டீங்களா, தண்ணி குடிக்கிறீங்களா, அம்புட்டுத்தான். வேற ஒரு நோக்கமும் கெடையாது. என் வீட்டுக்காரி தனபாக்கியம் உள்ள இருந்து டீ கொண்டாந்து வைப்பா. அவங்க டீயக் குடிச்சு முடிக்கவும் கட்டம் வந்து நிக்கவும் சரியா இருக்கும். வந்த கட்டத்தைப் பாத்தா எல்லாம் எனக்குப் பளிச்சுன்னு தெரியும். "மூத்த பையனால ஒரு மனக்கஷ்டம் இருக்கு உங்களுக்கு"ம்பேன். அந்தம்மா முந்தானைய எடுத்து வாயில வச்சுக்கிட்டு அழுகும். எப்பிடிச் சாமி சொன்னீங்கன்னு கேக்கும். நான் கம்ப்யூட்டரைத்தான் காட்டுவேன். நம்மளுதுன்னு என்ன இருக்கு, எல்லாம் கிரகம் சொல்றது.

விருதுநகர்ல இருந்து ஒரு பருப்பு யாவாரி வந்தாரு. வட்டம் சுத்துது. கூட வந்தவரை வெயில்ல நிக்க விட்டுட்டீங்களே, உள்ள கூப்பிடுங்கன்னேன். "அவரு என் பார்ட்னரு, அங்கனயே நிக்கட்டும்"னாரு. சரின்னு விட்டுட்டேன். கட்டம் வந்துச்சு. எட்டுல சனி. கூட்டுத் தொழில்ல நம்பிக்கை ஆட்டங்கண்டு போயிருக்கே அண்ணாச்சின்னேன். அவருக்கு வேர்த்து ஊத்திருச்சு. அன்னையில இருந்து விருதுநகர்ல பாதிக் கடைவீதி என்கிட்டத்தான் வரும். எட்டுல சனி இருந்தா அப்பிடித்தான் தம்பி, தப்பாது.

உங்களுக்கு எந்த ஊரு? பாலையம்பட்டியா? பக்கத்துலதான். பேரு? குமரேசன். நல்ல பேரு. சாப்பாட்டு நேரமாச்சே, சாப்பிட்டீங்களா? ஓ, பையில பொட்டலம் இருக்கா. பரோட்டாவா? வெயில் நேரத்துல அது வேணாம் தம்பி, வயித்தைக் கெடுக்கும்.

அப்புறம்தான் இந்தப் பைபர் நெட்டு வந்துச்சு. உங்க ஆபீஸ்ல இருந்து டை கட்டுன ஒருத்தரு வந்து, நீங்க உக்காந்திருக்கிற இதே நாற்காலியில உக்காந்து, ஒரு படத்தைப் போட்டுக் காமிச்சாரு. கோடு கீழ இருந்து மேல ஏறிப் போகுது. நெட்டு வேகமானா யாவாரம் இப்பிடித்தான் ஏறும்னாரு. "ஒரு ஆளுக்கு நீங்க ஒதுக்குற நேரத்துல பத்து ஆளுகளப் பாக்கலாம் சார்"னாரு. எனக்கும் ஆசை வந்துருச்சு. அவரே யோசனையும் சொன்னாரு. கம்ப்யூட்டரை நீங்க மட்டும் பாத்தா வந்தவங்களுக்கு நம்பிக்கை வராது, சுவத்துல பெரிய டிவி ஒண்ணு மாட்டி அவங்களும் பாக்குற மாதிரி வச்சிருங்கன்னாரு. அந்தா, அதுதான் அந்த டிவி. அதைக் கழட்டித் தரச் சொல்லி உங்கள்ட்ட கேக்கல, அது கெடக்கட்டும்.

நல்ல நாள் பாத்துத்தான் மாட்டுனோம். மோடத்துக்குப் பொட்டு வச்சேன். பக்கத்துல எலுமிச்சம்பழம் வச்சேன். பாருங்க, குங்குமம் இன்னும் போகல. நாள்ல கொறை சொல்ல முடியாது, ஏன்னா பாத்தது நான்.

மொத ஆளு ஒரு ஜவுளிக்கடைக்காரரு. தட்டிட்டுப் பட்டனை அமுக்குனேன். விரலை எடுக்கல தம்பி, கட்டம் டிவியில வந்து நிக்குது. அவரு டிவியப் பாத்தாரு. என்னையப் பாத்தாரு. "அவ்வளவுதானா"ன்னாரு. அவ்வளவுதான்னேன். "முன்னால எல்லாம் நல்லா நேரமெடுத்துக் கணிக்குமே, இப்ப ஒழுங்காக் கணிக்குதா?" அப்பிடின்னாரு. தட்சணை வைக்கிறப்பவே கை தயங்குச்சு. டீ அதுக்கப்புறம்தான் வருது. தனபாக்கியம் தட்டோட நிக்கிறா, ஆளு தெருவுல நிக்கிறாரு.

சரி, ஆரம்பம் அப்பிடித்தான் இருக்கும்னு பாத்தா, போகப் போக மோசம். ரிட்டயர்டு வாத்தியாரு ஒருத்தர்கிட்ட, உத்தியோகத்துல எடமாற்றம் வரும்னுட்டேன். அவரு என்கிட்டயே திருப்பிக் கேக்குறாரு, எந்த எடத்துக்குன்னு. இன்னொருத்தர் வந்தாரு. வாடுன மொகம். சட்டை கசங்கியிருந்துச்சு. அதெல்லாம் இப்ப சொல்றேன், அப்ப நான் எங்க பாத்தேன், டிவியத்தான பாத்தேன். 'மனைவி வழியில் யோகம்'னு போட்டிருந்துச்சு, படிச்சேன். சம்சாரம் செத்துக் கருமாதி முடிஞ்ச கையோட வந்திருக்காரு மனுசன். எந்திரிச்சுச் செருப்பை மாட்டிட்டுப் போயிட்டாரு. விசயம் எனக்கே அப்புறம்தான் தெரியும். இப்ப நெனச்சாலும் மனசு சங்கடப்படுது.

தப்பு யாரு மேல? ஸ்பீடு மேல. கிரகம்ங்கிறது என்ன தம்பி, தபால்காரரா, வந்த ஒடனே நீட்டிட்டுப் போறதுக்கு? அது மெல்லத்தான் எறங்கும். வந்தவங்க வாய் வழியாத்தான் எறங்கும். எத்தனையோ வருச அனுபவத்துல சொல்றேன், வந்தவங்க பேசாம கிரகம் பேசி நான் பாத்ததில்ல.

நானும் என்னென்னமோ செஞ்சு பாத்தேன். ஒத்த விரலால தட்டிப் பாத்தேன். கண்ணாடியக் கழட்டித் தொடைச்சேன். கண்ணை மூடித் தியானம் பண்ற மாதிரி உக்காந்தேன். கண்ணை மூடுன ஒடனே எதுத்தாப்புல இருந்து, "சாமி, வந்துருச்சு, டிவியில பாருங்க"ன்னு சத்தம் வருது. ஒரு காலேஜுப் பய, அவன் போனை எடுத்து, இதே கட்டம் இதுலயும் வருதே, ஓசியிலன்னு காட்டுனான். வரும்பா, ஆனா அது உன்கிட்டத் தண்ணி குடிக்கிறியான்னு கேக்குமான்னேன். நான் கூடத்தான் இப்ப கேக்குறதில்ல. கேக்க நேரம் எங்க இருக்கு? கோடு மேல ஏறும்னாரு டை கட்டுனவரு. கோடு ஏறலை, நான்தான் மத்தியானத்துக்கே மாடிக்கு ஏறிப் படுத்துர்றேன். ஆளு வந்தாத்தான உக்காந்திருக்க.

மறுபடி அடிக்குது உங்க போனு. யாரு, வீட்டுலயா? எடுத்து ஒரு வார்த்தை பேசுறதுதான. இல்லையா? சரி. உங்க சட்டையில மேல் பட்டன் இல்ல, ஊக்கு குத்தியிருக்கீங்க, பாத்து, கழண்டு குத்திரப் போகுது. வீட்டுல ஊருக்குப் போயிருக்காங்களா? பிள்ளைங்களும் அங்கதானா? சரி சரி. லீவு விட்டா அம்மா வீட்டுக்குப் போகத்தான் செய்வாங்க. ஓ, இப்ப லீவு இல்லையா. சரி, இருக்கட்டும்.

பூரணத்தம்மா கதைக்கு வர்றேன். நம்ம பின்தெருதான். மில்லு வேலைக்குப் போயி, புருசன் இல்லாம, ஒத்தப் பொண்ண வளத்துருச்சு. கவுசல்யான்னு பேரு. விருதுநகர்ல ஒரு ஆஸ்பத்திரி லேப்ல வேலை பாக்குது. பந்தல்குடிப் பையன் ஒருத்தன் அதே லேப்ல. ரெண்டுக்கும் பிடிச்சுப் போச்சு, பையன் வீட்டுலயும் பேசி முடிச்சு, சேலை கூட எடுத்தாச்சு. என்கிட்ட பொருத்தம் பாக்க வந்தது சும்மா ஒரு சம்பிரதாயத்துக்கு. அம்புட்டும் எனக்கு இப்பத்தான் தெரியும். அன்னைக்குத் தெரியாது. எப்பிடித் தெரியும்? அந்தம்மா உக்காந்து முந்தானையச் சரி பண்றதுக்குள்ள டிவியில சிவப்பு எழுத்துல வந்துருச்சு. 'ரஜ்ஜு இல்லை. பொருந்தாது.'

ரஜ்ஜுன்னா தாலிப் பொருத்தம் தம்பி. பத்துப் பொருத்தத்துல அதுதான் தலை. ரெண்டு பேரு நட்சத்திரமும் ஒரே ரஜ்ஜுவுல விழுந்தா அது இல்லைன்னு அர்த்தம், தாலிக்கு ஆகாதும்பாங்க. வாசிச்சேன். நானே வாய் விட்டு வாசிச்சேன். புருசனைப் பறிகுடுத்த பொம்பளை முன்னால தாலிக்கு ஆகாதுன்னு வாசிச்சிருக்கேன். அந்தம்மா மொகம் அப்பிடியே வெளுத்துப் போச்சு. நல்லதுங்கன்னு கும்பிட்டுட்டுப் போச்சு. போனதும் பந்தல்குடிக்குச் சொல்லிவிட்டுருச்சு, வேணாம்னு.

இதுக்குச் சாஸ்திரத்துல வழி இல்லாம இல்ல. ரஜ்ஜு ஒண்ணா இருந்தாலும், ஒரு நட்சத்திரம் ஏறு முகம், இன்னொண்ணு எறங்கு முகம்னா தோசம் கழிஞ்சு போகும். தாராளமாப் பண்ணலாம். எத்தனையோ கல்யாணம் நான் அப்பிடிச் செஞ்சு வச்சு, பேரன் பேத்தியோட இருக்காங்க. பின்ன ஏன் அன்னைக்குச் சொல்லலைன்னு கேப்பீங்க. தம்பி, சில அம்மாமாருக வேணாம்னு சொல்லத்தான் வருவாங்க. பையனைப் பிடிச்சிருக்காது, பொண்ணுகிட்டச் சொல்ல முடியாது, ஜாதகம் மேல பழியப் போட்டுட்டுப் போகணும். அவங்ககிட்டப் போயி ஏறு முகத்தை எடுத்து வச்சா நம்மளச் சபிச்சுட்டுப் போவாங்க. வந்தவங்களுக்கு என்ன வேணும்னு தெரியாம நான் பலன் சொன்னதெல்லாம் இந்தப் பைபர் வந்ததுக்கு அப்புறம்தான்.

போன வாரம் கவுசல்யா தனியா வந்துச்சு. கண்ணு வீங்கிக் கெடக்கு. சத்தமெல்லாம் போடல. "அய்யா, இன்னொரு தடவ போட்டுப் பாருங்க அய்யா"ன்னுச்சு. போட்டேன். அமுக்குன ஒடனே அதே சிவப்பு. மறுபடி போட்டேன். அதே. அந்தப் பொண்ணு டிவியவே பாத்துக்கிட்டு இருந்துச்சு. "ஒரு நிமிசம் கூட யோசிக்க மாட்டேங்குதே"ன்னுச்சு. நான் பிள்ளை பெத்தவன் இல்ல. அதுக்காக மனசு இல்லாமப் போயிருமா? அம்மாவ புதன்கெழம ராகு காலம் கழிச்சு வரச் சொல்லு, நான் நேரமெடுத்து நல்லாப் பாக்குறேன்னு சொல்லி அனுப்புனேன். அது போனதும் ஒடனே உங்க ஆபீசுக்குப் போனைப் போட்டுட்டேன்.

தனபாக்கியம் கேக்குறா, இதுக்கு எதுக்கு நெட்டுக்காரரு, நேராப் பூரணம் வீட்டுக்குப் போயி, நான் சரியாப் பாக்கல, தாராளமாப் பண்ணுங்கன்னு சொல்லிட்டு வர வேண்டியதுதானன்னு. அவளுக்குத் தொழில் தெரியாது. நான் சரியாப் பாக்கலைன்னு நானே சொன்னா நாளைக்கு எவன் படியேறுவான்? அதுவும் போக, நான் பொய் சொல்ற ஆளு இல்ல தம்பி. மொறைன்னு ஒண்ணு இருக்கு. வட்டம் சுத்தணும். அந்தம்மா பேசணும். கிரகம் எறங்கணும். அதுக்கப்புறம்தான் ஏறு முகம் தெரியும்.

என்னது? இதுக்குக் கீழ பிளானே இல்லையா? நான் வச்சிருக்கிறதே இருக்கிறதுல கம்மியா?

என்ன தம்பி இப்பிடிச் சொல்றீங்க. ஊருல அம்புட்டுப் பேரும் வேகமாத்தான் போகணும்னு சட்டமா? மெதுவாப் போறவன் எங்க போவான்? காசு ஜாஸ்தி கேட்டாலும் தர்றேன், மெதுவா ஒரு பிளான் போட்டுக் குடுக்கச் சொல்லுங்க உங்க மேனேஜரை. அந்தம்மா வர்ற நேரமாச்சு. இன்னைக்கும் சிவப்புலயே வந்து நின்னா அதோட முடிஞ்சு போகும். அந்தப் பொண்ணு மொகத்துல நான் எப்பிடி முழிக்கிறது?

ம்? என்ன சொன்னீங்க? மோடத்துக்குள்ளயே கொறைக்கலாமா? குழாயைத் திருகுற மாதிரியா? அடடா, இதை மொதல்லயே சொல்லக் கூடாதா. செய்ங்க தம்பி, செய்ங்க. ஆபீஸ்ல ஏன் சொல்லப் போறேன், நானா? எத்தனை வீட்டு ரகசியம் இந்த வயித்துக்குள்ள கெடக்கு.

எவ்வளவு கொறைக்கணும்னா... ஒரு டீ குடிக்கிற நேரம். கடைக் கிளாஸ் இல்ல, வீட்டு டம்ளரு. ஆத்திக் குடிக்கிற நேரமும் சேத்து வச்சுக்கங்க. இன்னும் கொஞ்சம் திருகுங்க. இன்னும். போதுமான்னு போட்டுப் பாத்தாத்தான தெரியும்.

உங்க ஜாதகத்தையே போடுவோம். காசெல்லாம் வேணாம், நீங்க செஞ்ச உபகாரத்துக்கு. குமரேசன். பாலையம்பட்டி. பொறந்தது ஆவணி மாசமா? காலையிலயா? சரி. அமுக்குறேன்.

ஆகா.

சுத்துது தம்பி. பாருங்க, சுத்துது. எம்புட்டு நாளாச்சு இதைப் பாத்து. உக்காருங்க, நிக்காதீங்க. தனபாக்கியம், தம்பிக்கு ஒரு டீ கொண்டா, டம்ளர்ல.

கேளுங்க. உங்களுக்கு நேரம் ஒண்ணும் மோசமில்ல. குடும்பத்துலதான் ஒரு சின்னப் பிசகு. வாய்த் தகராறு. பெருசா ஒண்ணுமில்ல, ஏதோ ஒரு வார்த்தை நீளமாப் போயிருச்சு, அந்தப் பக்கம் கெளம்பி அம்மா வீட்டுக்குப் போயாச்சு. அந்தப் பக்கம் கோவம் ஆறிருச்சு தம்பி. பேசிரணும்னுதான் தவிக்குது. இந்தப் பக்கம்தான் வீம்பு. பிள்ளைங்க தேடுது. இன்னைக்கு வேலை முடிஞ்சதும் பஸ் ஏறிருங்க. கையில பூ வாங்கிட்டுப் போங்க, பரோட்டாப் பொட்டலத்தோட போயி நிக்காதீங்க.

எப்பிடின்னு என்னையக் கேட்டா? எல்லாம் கட்டத்துல இருக்கு. ஏழாம் எடம், சம்சாரத்தோட எடம், அப்பிடி.

என்ன? கட்டம் இன்னும் வரலையா? ஆமா, சுத்திக்கிட்டுத்தான் இருக்கு. வரட்டும் தம்பி. வந்து என்ன, நான் சொன்னதுக்கு மாத்தியா சொல்லிரப் போகுது?

இந்தா, அடிக்குது பாருங்க. எடுங்க. வெளிய வேப்பமரத்து நெழல்ல நின்னு நிதானமாப் பேசுங்க. அழுதா அழுகட்டும், போனை வச்சுராதீங்க. டீய நான் அங்கயே குடுத்துவிடச் சொல்றேன்.

வாங்க பூரணத்தம்மா, வாங்க வாங்க. வெளிய போன் பேசிக்கிட்டு நிக்கிறாரே, அவரு நெட் ஆபீஸ்காரரு. நெட்டு இன்னைக்கு என்னமோ ரொம்ப ஸ்லோ, காலையில இருந்து அவரும் என்னென்னமோ பண்ணிப் பாக்குறாரு, சரியாகல. கொஞ்சம் நேரமாகும், பரவாயில்லையா? உக்காருங்க. அந்த நாற்காலி ஆடும், இதுல உக்காருங்க. தனபாக்கியம், இன்னொரு டீ.

தட்டிவிட்டுட்டேன். சுத்துது பாருங்க. அது பாட்டுக்குச் சுத்தட்டும், நீங்க அதைப் பாக்காதீங்க, என்னையப் பாருங்க.

கவுசல்யா சாப்பிடுதாம்மா?